ஃபிரெட் ஸ்பாஃபோர்த்: ஆஸ்திரேலியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பாஃபோர்த் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஃபிரெடெரிக் ராபர்ட் ஸ்பாஃபோர்த். பிறந்தது 9 செப்டம்பர் 1853, சிட்னியின் பால்மெயின் பகுதியில். இறந்தது 4 ஜூன் 1926, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில். வலக்கைப் பந்துவீச்சாளர். 1877 முதல் 1887 வரை 18 டெஸ்ட், 94 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 18.41. டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) அவருடையது. ஒரே டெஸ்ட்டில் 10 விக்கெட் எடுத்த முதல் ஆளும், 50 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்ட முதல் ஆளும் அவரே. 1882-இல் ஓவல் மைதானத்தில் 90 ரன்னுக்கு 14 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து-ஆஸ்திரேலிய டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்ற பெயர் பிறக்கக் காரணமாக இருந்தார்.

‘டீமன்’ (பேய்) என்ற அவருடைய பட்டப்பெயரைக் கேட்டதும் பலரும் கண்மூடித்தனமான வேகத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் விக்கெட்டுகளில் பெரும்பகுதி வேகத்தை மறைத்ததால் கிடைத்தது. இந்தப் பக்கத்தில் அதிக இடம் அதற்குத்தான்.

அவர் பந்துவீசக் கற்றது எப்படி?

அப்பா யார்க்‌ஷயரிலிருந்து வந்த வங்கி எழுத்தர். சிறுவயதில் சில ஆண்டுகள் குடும்பம் நியூசிலாந்தின் ஹோகியாங்கா பகுதியில் இருந்தது. பிறகு சிட்னிக்குத் திரும்பியது. 1863-64-இல் ஜார்ஜ் பார் தலைமையில் ஒரு இங்கிலாந்து அணி வந்தது. அதில் இருந்த ஜார்ஜ் டாரன்ட் என்ற வேகப்பந்துவீச்சாளரைப் பார்த்த சிறுவன், தானும் அப்படியே வீச வேண்டும் என்று முடிவு செய்தான். தோளுக்கு மேல் கையை உயர்த்தி வீசுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே 1864-இல்தான். அந்த வகையில் தொடக்கத்திலிருந்தே முழு உயரத்திலிருந்து வீசி வளர்ந்த முதல் தலைமுறை இவருடையது.

அடுத்த பாடம் 1870-களில் வந்தது. சுற்றுப்பயணமாக வந்த இங்கிலாந்து அணிகளில் ஜேம்ஸ் சதர்டன், ஆல்ஃபிரெட் ஷா போன்ற மெதுவான, துல்லியமான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். வேகம் இல்லாமலே இவர்கள் எப்படி விக்கெட் எடுக்கிறார்கள் என்று ஸ்பாஃபோர்த் கூர்ந்து பார்த்தார். டாரன்ட்டின் வேகம், சதர்டனின் சுழல், ஷாவின் நீளக் கட்டுப்பாடு மூன்றையும் ஒரே கையசைவில் அடக்குவது அவர் இலக்கு ஆனது. அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நியூ சவுத் வேல்ஸ் அணிக்கு 1874-75-இல் அறிமுகமானபோது அவர் இன்னும் வெறும் வேகப்பந்துவீச்சாளர்தான்.

1877-இல் நடந்த முதல் டெஸ்ட்டில் அவர் ஆடினாரா?

இல்லை. மெல்போர்னில் மார்ச் 15-இல் தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது, மறுத்துவிட்டார். தன் பந்துக்கு விக்கெட் கீப்பராக நியூ சவுத் வேல்ஸ் தோழர் பில்லி மர்டாக்தான் நிற்க வேண்டும் என்றார்; தேர்வானது விக்டோரியாவின் ஜாக் பிளாக்கம். (அதே ஆட்டத்தைத் தவிர்த்த இன்னொரு பந்துவீச்சாளர் ஃபிராங்க் ஆலன். வார்னம்பூல் ஊர்ச் சந்தைக்குப் போக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். டெஸ்ட் என்ற மரியாதை அன்று யாருக்கும் தெரியாது.) ஸ்பாஃபோர்த் இல்லாமலே ஆஸ்திரேலியா 45 ரன்னில் வென்றது.

இரண்டாவது ஆட்டத்துக்கு வந்தார். அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட் எப்படி விழுந்தது என்பதில்தான் வேடிக்கை: ஆல்ஃபிரெட் ஷா, ஸ்டம்பிங் பிளாக்கம், பந்துவீச்சு ஸ்பாஃபோர்த். வேகப்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று பிளாக்கம் செய்த அந்த ஸ்டம்பிங்கோடு வழக்கு முடிந்தது. அதன்பிறகு பிளாக்கம் பற்றி ஸ்பாஃபோர்த் முணுமுணுத்ததாகத் தகவல் இல்லை. மர்டாக்கும் மட்டையாளராக அணிக்குள் வந்து, பின்னர் கேப்டனும் ஆனார்.

1878 லார்ட்ஸ் ஆட்டம் டெஸ்ட் கணக்கில் ஏன் இல்லை?

எதிரணி இங்கிலாந்து இல்லை, எம்.சி.சி. (லண்டனின் மேரிலபோன் கிரிக்கெட் கிளப்) என்பதால். எந்த ஆட்டங்கள் டெஸ்ட் என்ற பட்டியலே 1890-களில்தான் உருவானது. அடிலெய்டு பத்திரிகையாளர் கிளாரன்ஸ் மூடி தொகுத்த பட்டியல் ஏற்கப்பட்டது. ஆனாலும் ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் மதிப்பை உலகம் உணர்ந்தது இந்த ஆட்டத்தில்தான்.

நாள் 27 மே 1878. மழையில் நனைந்த பிட்ச். எம்.சி.சி. அணியில் இங்கிலாந்தின் பெரும் மட்டையாளர் டபிள்யூ. ஜி. கிரேஸ், ஹார்ன்பி, ஷா, மார்லி எல்லாரும் இருந்தார்கள். கிரேஸ் முதல் பந்தை நான்குக்கு விரட்டினார். இரண்டாவது பந்தில் ஆலன் வீச்சில் கேட்ச். ஸ்பாஃபோர்த் முதல் மாற்றுப் பந்துவீச்சாளராக வந்து 23 பந்துகளில் 4 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார், ஹாட்ரிக் உட்பட. எம்.சி.சி. 33. ஆஸ்திரேலியர்கள் 41, ஷா 10 ரன்னுக்கு 5, மார்லி 31 ரன்னுக்கு 5. இரண்டாம் இன்னிங்ஸில் கிரேஸை ரன் ஏதுமின்றி ஸ்பாஃபோர்த் போல்டு செய்தார். எம்.சி.சி. 19. ஸ்பாஃபோர்த் 16 ரன்னுக்கு 4, ஹாரி பாயில் 3 ரன்னுக்கு 6. 12 ரன் இலக்கை ஒரு விக்கெட் இழப்பில் எட்டினார்கள். இரண்டு அணிகளின் நான்கு இன்னிங்ஸும் சேர்ந்து 105 ரன், ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது.

சில வாரங்களில் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் அவருடைய கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. அடியில் இருந்த தலைப்பு: டீமன் பவுலர். பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

அவர் உண்மையில் எவ்வளவு வேகம்?

மணிக்கு இத்தனை மைல் என்று சொல்ல அன்று கருவி இல்லை. இணையத்தில் அவருக்கு வேக எண் போட்டிருந்தால் அது ஊகம். நமக்குத் தெரிந்தவை: உயரம் சுமார் 6 அடி 3 அங்குலம், மெலிந்த உடல், நல்ல ஓட்டக்காரர், கை முழு உயரத்தில் மேலே போகும். இளமையில் மிக வேகமாக வீசினார் என்று பார்த்தவர்கள் எல்லோரும் ஒத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் 1880-களின் ஸ்பாஃபோர்த் அதிகமாக வீசியது மிதவேகம். ஓட்டமும் தாவலும் கைச் சுழற்சியும் மாறாது. பந்து மட்டும் ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை தாமதமாகவும் வரும். பெரிய ஆயுதம் ஆஃப் கட்டர், அன்றைய வழக்கில் ‘பிரேக் பேக்’: ஆஃப் பக்கம் விழுந்து வலக்கை மட்டையாளரின் ஸ்டம்பை நோக்கி உள்ளே வெட்டும் பந்து. கூடவே கால் விரலைத் தேடி வரும் யார்க்கர். வேகம் எப்போதாவது வந்தது. அது எப்போது வரும் என்று தெரியாததுதான் மட்டையாளரின் சிக்கல். பிளாக்கம் பெரும்பாலும் ஸ்டம்பை ஒட்டியே நின்றார் என்பதையும் கணக்கில் எடுங்கள். இன்றைய அதிவேகப் பந்துக்கு எந்தக் கீப்பரும் அப்படி நிற்க மாட்டார்.

ஃபீல்டிங் அமைப்பும் அவருடைய முறையில் ஒரு பாகம். ஹாரி பாயில் மட்டையாளருக்கு மிக அருகில், நெருக்கமான மிட் ஆனில் வந்து நின்றுகொள்வார். அந்த இடத்தில் அவ்வளவு பக்கத்தில் நிற்பது அப்போது புதுமை. உள்ளே வெட்டும் பந்தைத் தற்காக்க முயன்று மட்டையில் பட்டு மெதுவாக எழும் பந்து நேரே அவர் கைக்குப் போகும். மட்டையாளர் இதற்கு அஞ்சிப் பின்னால் தங்கினால் யார்க்கர் காத்திருக்கும்.

அவருக்கு எல்பிடபிள்யூ விக்கெட்டுகள் ஏன் இவ்வளவு குறைவு?

அன்றைய விதி. பந்து இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடையிலான நேர்க்கோட்டில் விழுந்து, ஸ்டம்பை மறைத்த காலில் பட்டால் மட்டுமே எல்பிடபிள்யூ. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வந்து காலில் பட்டால், ஸ்டம்பை நிச்சயம் தகர்க்கும் என்றாலும் நாட் அவுட். 1935-இல் சோதனையாக மாற்றி 1937-இல்தான் விதியாக்கினார்கள். அதாவது ஸ்பாஃபோர்த்தின் சிறந்த பந்துக்கு மட்டையாளர் காலை முன்னே நீட்டிக் காப்பாற்றிக்கொள்ள சட்டமே இடம் கொடுத்தது.

1882 ஓவல் டெஸ்ட்டில் அவர் எடுத்த 14 விக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்: 8 போல்டு, 5 கேட்ச், 1 ஸ்டம்பிங். எல்பிடபிள்யூ ஒன்றுகூட இல்லை. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் சராசரி இன்னும் இறங்கியிருக்கும். ஸ்டம்பும் இன்றைவிடச் சிறியது: உயரம் 27 அங்குலம், அகலம் 8 அங்குலம். இப்போதைய 28-க்கு 9 அளவு 1931-இல் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிட்ச் மூடப்படவில்லை, மழை பெய்து வெயில் காயும்போது பந்து கண்டபடி எழும்பும். பல இன்னிங்ஸ் 100 ரன்னைத் தாண்டாது. எல்லாப் பந்துவீச்சாளர்களின் சராசரியும் அன்று குறைவுதான். அடுத்து வந்த சார்லி டர்னர் 101 விக்கெட்டை 16.53 சராசரியில் எடுத்தார். 18.41-ஐ இன்றைய வீரரின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஸ்பாஃபோர்த் பாணியில் வேகத்தை மறைத்து வீச இன்றைய கிளப் பந்துவீச்சாளர் என்ன செய்ய வேண்டும்?

வலக்கைக்காரருக்குச் சொல்கிறோம்.

முதலில் ஆஃப் கட்டர். ஆள்காட்டி விரல் தையலின் மேல், நடுவிரல் சற்றுத் தள்ளி, கட்டைவிரல் கீழே. பந்தை விடும் கணத்தில் விரல்களைப் பந்தின் வலப்பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும், கதவுக் குமிழை வலப்பக்கம் திருப்புவது போல. ஆஃப் ஸ்டம்புக்கு அரையடி வெளியே, மட்டையாளர் முன்கால் வைக்கத் தூண்டும் நீளத்தில் குறிவையுங்கள். பந்து திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: விரல் பந்தை வெட்டாமல் பின்னாலிருந்து தள்ளுகிறது, அல்லது பிட்ச் வழவழப்பாக இருக்கிறது. இரண்டாவதற்கு மருந்து இல்லை; புல் குறைந்த, சற்று ஈரமான அல்லது உதிரத் தொடங்கிய பிட்ச்சுக்காக அந்தப் பந்தைச் சேமித்து வையுங்கள்.

அடுத்து மெதுவான பந்து. கையின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. பந்தை உள்ளங்கைக்கு நெருக்கமாக ஆழமாகப் பிடித்தால் அதே கைவீச்சில் வேகம் தானாகக் குறையும். கிளப் ஆட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மெதுவான பந்து அடி வாங்குவது இங்கேதான்: வீசுபவர் ஓட்டத்தையே தளர்த்திவிடுகிறார், கடைசித் தாவல் சுருங்குகிறது, மட்டையாளர் இரண்டு கணம் முன்பே படித்துவிடுகிறார். நண்பர் ஒருவரை மட்டையாளர் முனையில் நிற்க வைத்து, பந்து கையை விட்டுப் போகும் முன் வேகமா மெதுவா என்று சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னால் ஆட்டத்தில் அதை வீச நீங்கள் தயாராகவில்லை.

இன்னொரு தவறு, மாற்றுப் பந்தை அடிக்கடி வீசுவது. ஒரு மட்டையாளருக்கு ஒரே நீளத்தில் ஏழெட்டுப் பந்து போட்டுப் பழக்கிய பிறகு வரும் மாற்றம்தான் வேலை செய்யும். ஸ்பாஃபோர்த்தின் மெய்டன் (ரன் கொடுக்காத ஓவர்) எண்ணிக்கையைப் பாருங்கள்: ஓவல் இரண்டாம் இன்னிங்ஸில் 28 ஓவரில் 15 மெய்டன். பழக்குவதற்கு அத்தனை பொறுமை இருந்தது.

முதல் ஹாட்ரிக் யார் யாரை?

2 ஜனவரி 1879, மெல்போர்ன். வெர்னன் ராய்ல் போல்டு, ஃபிரான்சிஸ் மெக்கினன் போல்டு, டாம் எம்மெட் கேட்ச் ஹோரன். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 26. சார்லி அப்சலம் 52 அடித்து 113 வரை இழுத்தார். ஸ்பாஃபோர்த் 48-க்கு 6, 62-க்கு 7. மொத்தம் 110-க்கு 13. ஆஸ்திரேலியா 10 விக்கெட்டில் வென்றது. மெக்கினனுக்கு அது ஒரே டெஸ்ட். ஆனால் அவர் 98 வயது வரை வாழ்ந்து 1947-இல் இறந்தார். ஹாட்ரிக்கில் நடுவில் சிக்கியவர் என்ற புகழோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்த இங்கிலாந்து அணியின் கேப்டன் லார்ட் ஹாரிஸ். அவருடைய அப்பா 1854 முதல் 1859 வரை மெட்ராஸ் கவர்னர். மகன் பின்னாளில் பம்பாய் கவர்னர் ஆனார். டெஸ்ட் முடிந்து ஒரு மாதத்தில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸுக்கு எதிராக ஆடும்போது மர்டாக்குக்கு ரன் அவுட் கொடுக்கப்பட, கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ஹாரிஸைத் தாக்கியது. ஸ்பாஃபோர்த் அன்று உள்ளூர் அணியில் இருந்தார். நடுவர்களில் ஒருவரான எட்மண்ட் பார்ட்டன் பின்னர் ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர்.

1882 ஓவல் டெஸ்ட்டில் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 28, 29. ஒரே டெஸ்ட், இரண்டே நாள். ஆஸ்திரேலியா 63. இங்கிலாந்து 101, ஸ்பாஃபோர்த் 46 ரன்னுக்கு 7, கிரேஸ் 4 ரன்னில் போல்டு.

இரண்டாம் நாள் காலை கனமழை. மைதானம் சேறாக இருந்தபோதே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பந்து வழுக்கியது, பந்துவீச்சாளர் காலுக்குப் பிடிமானம் இல்லை. இந்த இடைவெளியை ஹியூ மாஸி பயன்படுத்திக்கொண்டு 55 அடித்தார். அவருடைய 55 இல்லாமல் ஸ்பாஃபோர்த்துக்குக் காப்பாற்ற ஒன்றும் இருந்திருக்காது. இந்த ஆட்டத்தைச் சொல்பவர்கள் மாஸியை மறந்துவிடுவது நியாயமில்லை. ஆஸ்திரேலியா 122.

இடையில் ஒரு தகராறு. சாமி ஜோன்ஸ் ஒரு ரன் முடித்து மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, பிட்ச்சைத் தட்டிச் சரிசெய்ய வெளியே நடந்தார். கையில் பந்தோடு இருந்த கிரேஸ் பெயிலைத் தட்டிவிட்டு முறையிட்டார். நடுவர் பாப் தாம்ஸ் அவுட் கொடுத்தார். விதிப்படி சரி, பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. ஆஸ்திரேலியர்கள் கொதித்துப்போனார்கள், அதிகம் கொதித்தவர் ஸ்பாஃபோர்த்.

இங்கிலாந்துக்கு இலக்கு 85. கேப்டன் ஹார்ன்பியும் பார்லோவும் அடுத்தடுத்த பந்துகளில் போல்டு: 15-க்கு 2. கிரேஸும் யுலியட்டும் 51-க்குக் கொண்டுபோனார்கள். இன்னும் 34 ரன், கையில் 8 விக்கெட். அப்போது யுலியட் பிளாக்கமிடம் கேட்ச். அடுத்து 53-இல் கிரேஸ் 32 அடித்து பாயில் பந்தில் அலெக் பானர்மனிடம் கேட்ச்.

அதன் பிறகுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. லிட்டல்டனும் லூகாஸும் தற்காத்தார்கள். தொடர்ந்து 12 மெய்டன். அன்று ஓவருக்கு நான்கு பந்து, எனவே 48 பந்துகளில் ஒரு ரன்னும் இல்லை. லிட்டல்டன் ஒரு முனையில் பாயிலையே எதிர்கொண்டு பழகிவிட்டார். ஸ்பாஃபோர்த்துக்கு அவர் தன் முனைக்கு வர வேண்டும். எனவே பானர்மன் வேண்டுமென்றே பந்தை விட்டுவிட, ஒரு ரன் ஓடினார்கள். முனை மாறியது. மேலும் நான்கு மெய்டன், பிறகு லிட்டல்டன் போல்டு. 66-க்கு 5. ஒரு ரன்னைக் கொடுத்து விக்கெட்டை வாங்கிய இந்தக் கணக்கு, 85 ரன் ஆட்டத்தில், பெரிய துணிச்சல்.

ஸ்டீல் அவருடைய பந்தில் அவரிடமே கேட்ச், ரீட் போல்டு, லூகாஸ் போல்டு. ஸ்பாஃபோர்த்தின் கடைசி 11 ஓவர்: 10 மெய்டன், 2 ரன், 4 விக்கெட். பார்ன்ஸையும் கடைசி ஆள் பீட்டையும் பாயில் முடித்தார். 77. ஏழு ரன்னில் ஆஸ்திரேலியா வெற்றி. திறமையான மட்டையாளர் சி. டி. ஸ்டட் ஒரு பந்துகூட எதிர்கொள்ளாமல் மறுமுனையில் நின்றார். ஸ்பாஃபோர்த் 44-க்கு 7.

90-க்கு 14 என்பது ஆஸ்திரேலியரின் சிறந்த டெஸ்ட் பந்துவீச்சாக 1972 வரை நின்றது. அந்த ஆண்டு லார்ட்ஸில் பாப் மாஸி 137-க்கு 16 எடுத்தார். (ஹியூ மாஸிக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை தற்செயல்.)

ஆஷஸ் கோப்பை அந்த ஆட்டத்துக்குப் பரிசாகத் தரப்பட்டதா?

இல்லை. ஓவல் தோல்விக்குப் பிறகு, 2 செப்டம்பர் 1882-இல் ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ பத்திரிகையில் இங்கிலாந்து கிரிக்கெட்டுக்கு ஒரு கேலி இரங்கல் அறிவிப்பு வந்தது. உடல் தகனம் செய்யப்பட்டு சாம்பல் (ஆங்கிலத்தில் ஆஷஸ்) ஆஸ்திரேலியாவுக்குப் போகும் என்று. அந்தச் சாம்பலை மீட்கப் போகிறேன் என்று கிளம்பியவர் இங்கிலாந்து கேப்டன் ஐவோ பிளை. அவர் அணி சென்ற கப்பல் கொழும்பைத் தாண்டியதும் இன்னொரு கப்பலோடு மோதி, பந்துவீச்சாளர் மார்லிக்கு விலா எலும்பில் அடி. அந்தப் பயணத்தில்தான் சிறு மண்ஜாடி பிளைக்குப் பரிசாக வந்தது. ஸ்பாஃபோர்த் அந்தத் தொடரின் சிட்னி டெஸ்ட்டில் 73-க்கு 4, 44-க்கு 7 எடுத்தும் இங்கிலாந்து 69 ரன்னில் வென்றது.

1880-இல் இங்கிலாந்தில் நடந்த முதல் டெஸ்ட்டில் அவர் பெயர் ஏன் இல்லை?

விரலில் காயம். பந்துவீச்சு விரல்தான் அவருடைய பலவீனமான பாகம். 1886 பயணத்தையும் விரல் காயமே கெடுத்தது. உள்ளே வெட்டும் பந்துக்கு வலுவான விரல் வேண்டும்.  1884 பயணம் தடங்கல் இல்லாமல் போனது. அந்தக் கோடையில் 200-க்கு மேல் விக்கெட். பர்மிங்காமின் ஆஸ்டனில் ‘இங்கிலாந்து லெவன்’ அணியை 26-க்குச் சுருட்டியபோது அவர் கணக்கு 3 ரன்னுக்கு 7. ஆட்டம் முழுக்க 37-க்கு 14. அதுவும் ஒரே நாளில் முடிந்த ஆட்டம்.

அவருக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா?

சுமார். டெஸ்ட்டில் 217 ரன், சராசரி 9.43. ஆனால் 1885 மார்ச்சில் மெல்போர்னில் பதினொன்றாம் இடத்தில் இறங்கி 50 அடித்தார். அணி மொத்தமே 163, அதில் அதிக ரன் அவருடையது. டெஸ்ட்டில் 11-ஆம் ஆள் அடித்த முதல் அரைச்சதம் அதுதான். அதே தொடரில் சிட்னியில் 54-க்கு 4, 90-க்கு 6 எடுத்து, ஆஸ்திரேலியா 6 ரன்னில் வெல்ல உதவினார்.

கிரிக்கெட்டில் அவர் சம்பாதித்தாரா?

வங்கி எழுத்தராக வேலை பார்த்தார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் வங்கி, 1885 வாக்கில் மெல்போர்னுக்கு மாறினார், விக்டோரியாவுக்கும் ஆடினார். 1878 பயணத்தில் வீரர்கள் ஆளுக்கு 50 பவுண்டு முதல் போட்டு லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பெயருக்கு அமெச்சூர், நடைமுறையில் கூட்டு வியாபாரம். இங்கிலாந்துப் பத்திரிகைகள் இதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தன. கிரேஸ் வாங்கிய தொகைகளைப் பற்றி அவ்வளவு சத்தம் போடவில்லை.

உண்மையான பணம் தேயிலையில் வந்தது. 1886 செப்டம்பரில் டெர்பிஷயரின் பிரெட்சாலில் ஃபிலிஸ் கேட்மனை மணந்தார். 1888-இல் இங்கிலாந்திலேயே குடியேறி, மாமனாரின் ஸ்டார் டீ கம்பெனியில் சேர்ந்து நிர்வாக இயக்குநர் ஆனார். இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து 1,60,000 பவுண்டுக்கு மேல். அன்றைய கிரிக்கெட் வீரர்கள் பலர் வறுமையில் இறந்ததை நினைத்தால் இது விதிவிலக்கு.

டெர்பிஷயருக்கு ஆடியது அவருடைய புள்ளிவிவரத்தில் ஏன் காணவில்லை?

இங்கிலாந்துக் கவுண்டி அணியான டெர்பிஷயருக்கு 1889 முதல் 1891 வரை ஆடினார், 1890-இல் கேப்டன். 1889-இல் யார்க்‌ஷயருக்கு எதிராக 81 ரன்னுக்கு 15 விக்கெட். ஆனால் அந்த ஆண்டுகளில் டெர்பிஷயர் முதல்தர (அதிகாரபூர்வ உயர்நிலை ஆட்டங்களுக்கான) அந்தஸ்தை இழந்திருந்தது. அதனால் அவருடைய 155 முதல்தர ஆட்டம், 853 விக்கெட், 14.95 சராசரி என்ற கணக்கில் அவை சேராது. இரண்டு இணையதளங்களில் எண்கள் மாறினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பழைய ஸ்கோர்கார்டைப் படிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

ஓவர்தான் முதல் பொறி. அவர் டெஸ்ட் ஆடிய காலம் முழுக்க ஓவருக்கு நான்கு பந்து. 28 ஓவர் என்றால் 112 பந்து, இன்றைய கணக்கில் 18 ஓவர் 4 பந்து. 36.3 ஓவர் என்றால் 36-ஐ நாலால் பெருக்கி 3 கூட்டுங்கள்: 147 பந்து, அதாவது இன்றைய 24.3. மெய்டனும் நான்கு பந்து மெய்டன். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓவர் எண்ணிக்கையை வைத்து எக்கானமி போடாமல் பந்து எண்ணிக்கையை வைத்துப் போடுங்கள். அவர் டெஸ்ட்டில் வீசியது 4,185 பந்து, கொடுத்தது 1,731 ரன்: விக்கெட்டுக்கு 44 பந்துக்குச் சற்று அதிகம், ஆறு பந்துக்கு இரண்டரை ரன்னுக்குச் சற்றுக் குறைவு.

சிக்ஸர் பற்றி: இங்கிலாந்தில் அன்று பந்து மைதானத்தை விட்டே வெளியே போனால்தான் ஆறு. எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தால் நான்கு. இரண்டாவது புதுப்பந்தும் கிடையாது. எத்தனை ரன் போனாலும் இன்னிங்ஸ் முழுக்க அதே பந்து. தேய்ந்த பந்தில் வெட்டி எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் கடைசி ஓவர்களில் மதிப்பு.

டெஸ்ட்டிலிருந்து எப்போது விலகினார்? நினைவுச்சின்னம் இருக்கிறதா?

கடைசி டெஸ்ட் 1887 ஜனவரி இறுதியில் சிட்னியில். அதில் டர்னரும் ஃபெரிஸும் இங்கிலாந்தை 45-க்குச் சுருட்டினார்கள். பந்துவீச்சு அடுத்த இணைக்குக் கைமாறிவிட்டது. முதல்தர ஆட்டங்களில் 1897 வரை தலைகாட்டினார். அதன்பிறகும் லண்டனின் ஹாம்ஸ்டெட் கிளப்புக்கு ஆடிக் குவித்தார்.

1996-இல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் புகழ்மண்டபம் தொடங்கியபோது முதல் பத்துப் பேரில் ஒருவர். 2011-இல் ஐசிசி புகழ்மண்டபத்திலும் சேர்க்கப்பட்டார். சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 2009 முதல் அவருடைய வெண்கலச் சிலை உள்ளது. கல்லறை சர்ரேயின் புரூக்வுட் மயானத்தில்.